லின் யோங்நியன் பேச மறுக்கிறார்

லின் யோங்நியன் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அது பழுதுதான் என்று அமலோற்பவத்தின் வாயால் சொல்லவைத்துப் பதிவு செய்துகொண்டு போவதற்காக, பிரான்சின் லியோன் நகரிலிருந்து ஓர் அம்மையார் வந்து இறங்கியிருந்தார்.

"வாசல்லயே சொல்லிடு அமலா. பழுது. மூணெழுத்து," என்றார் மேலாளர் முகுந்தன். "சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடலாம்."

"இல்லைன்னு சொன்னா?"

"சொன்னா ரெண்டு பேரும் பீச்சுல சுண்டல் விக்கலாம். எனக்கு மாங்கா கீறத் தெரியாது. அத நீதான் பாத்துக்கணும்."

அமலோற்பவம் சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, புதுச்சேரியின் பழைய சரக்குக் கிடங்கு ஒன்றைக் கண்காட்சிக் கூடமாக மாற்றியிருந்தார்கள். வாசல் பலகையில் தமிழிலும் பிரெஞ்சிலும் சீனத்திலும் 'இரு கரைகள் பேசிய நூற்றாண்டு' என்று எழுதியிருந்தது. ஆட்டோக்காரர்கள் அதைப் படிக்கவில்லை. அவர்களுக்கு அது 'ஆவிக்கொட்டாய்'. செத்தவர்கள் பேசுகிற இடத்துக்கு வேறென்ன பெயர் வைப்பது?

செத்தவர்கள்தான் பேசினார்கள். ஒரு மனிதர் எழுதியது, அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியது, அவர் நடந்த தெரு, தின்ற உணவு, கும்பிட்ட தெய்வம், அவர் காலத்து மழை, பஞ்சம் எல்லாவற்றையும் சேர்த்து ஊட்டினால், கணினிக்குள் ஒரு மனம் திரண்டு வந்தது. அவரைப் போலவே பேசியது. அவர் மறந்திருக்கக்கூடியதை மறந்தது. அவருக்குக் கோபம் வந்திருக்கக்கூடிய இடத்தில் கோபப்பட்டது. மீள்மனம் என்று அதற்குப் பெயர். அது அவரேதானா என்று கேட்டால், செய்தவர்களே கையை விரித்தார்கள்.

இந்தக் கூடத்தில் இரண்டு மீள்மனங்கள். ஒருவர் மர்த்தேல் சுவாமியார், பிரெஞ்சு சேசு சபைத் துறவி. இளம் வயதில் புதுச்சேரிப் பக்கம் நான்கு வருடம் இருந்து தமிழ் கற்று, பிறகு சீனா போய்ச் சேர்ந்தவர். இன்னொருவர் லின் யோங்நியன். தென்சீனத்தில் ஃபுஜியன் கடற்கரையில் பிறந்து, ஞானஸ்நானம் பெற்று, மர்த்தேலோடு கப்பலேறிப் பாரீஸ் போய், வீடு திரும்பாமலே அங்கு இறந்தவர். இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து இருபது வருடம் சீன நூல்களை மொழிபெயர்த்தார்கள். பாரீஸ் அறிஞர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து கேட்டுப்போனார்கள். பூசாரிகளின் அதிகாரம் இல்லாமலும் ஒரு நாடு ஒழுங்காக நடக்க முடியுமாமே என்று வியந்தார்கள். வியந்ததை வைத்துப் புத்தகம் எழுதினார்கள். அவற்றில் மர்த்தேலுக்கு நன்றி இருந்தது. லின்னைப் பற்றி 'ஒரு சீனர்' என்று இருந்தது.

ஒத்திகை நாட்களில் கூடமே கலகலத்துக் கிடந்தது.

"எங்கள் நாட்டில் நீதிபதி ஆக வேண்டுமென்றால் ஆளை அறைக்குள் பூட்டிவைத்துப் பரீட்சை நடத்துவார்கள்," என்பார் லின். "பாரீஸில் பரீட்சை இல்லை. அப்பா செத்தால் போதும், நாற்காலி மகனுக்கு."

"அதனால்தான் உங்கள் நீதிபதிகள் தப்பான தீர்ப்பைக்கூட அழகான கையெழுத்தில் எழுதுகிறார்கள்," என்பார் மர்த்தேல்.

விளக்குப் போட வந்த ஆட்கள் ஏணியில் நின்றபடியே கேட்டுச் சிரிப்பார்கள். அமலோற்பவத்துக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மீள்மனங்களைக் கூடவே இருந்து பராமரிப்பது அவள் பொறுப்பு. எட்டு மாதத்துக்கு முன்னால் அவளுடைய அப்பா இறந்தபோது நிறுவனம் மூன்று நாள் விடுப்புத் தந்தது. நான்காம் நாள் அவள் இந்தக் கூடத்தில் கம்பி இழுத்துக்கொண்டிருந்தாள். முப்பதாம் நாள் பூசைக்குக்கூடக் கடைசி வரிசையில் நின்றுவிட்டு ஓடி வந்தாள். இவர்கள் இருவருடைய பேச்சுதான் அவளை அப்போது தாங்கிப் பிடித்தது என்று சொன்னால் முகுந்தன் சிரிப்பார் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு அந்தப் பிறந்தநாள் வந்தது.

மீள்மனங்களைச் செய்து தந்த லியோன் கழகத்தின் விளம்பரப் பிரிவுக்கு வந்த யோசனை அது. கணக்குப் போட்டு லின்னின் பிறந்தநாளைக் கண்டுபிடித்தார்கள். ஃபுஜியனுக்கு ஆள் அனுப்பி அவருடைய ஊரைத் தேடினார்கள். ஊர் இருந்தது. ஊருக்குப் பின்னால் குன்று இருந்தது. குன்றில் அவருடைய தந்தையின் கல்லறை இருந்தது. அவர்களுக்கு ஒரே குதூகலம். படம் எடுத்து, எல்லோரும் லியோனிலிருந்து திரையில் கைதட்டிக்கொண்டிருக்க, 'உங்களுக்கு ஒரு பரிசு' என்று லின்னின் முன்னால் விரித்தார்கள்.

கல்லில் இறந்த ஆண்டு செதுக்கியிருந்தது. லின் கப்பலேறிய இரண்டாம் வருடம். கல்லை நட்ட மகன்களின் பெயர்கள் அதற்குக் கீழே இருந்தன. முதல் பெயர் யோங்நியன். இல்லாத மூத்தவனையும் இருப்பவனாகச் சேர்த்துத் தம்பிகள் செதுக்கியிருந்தார்கள்.

லின் படித்தார். எழுந்தார். "மன்னியுங்கள். இனி நான் சபைக்கு வருவதற்கில்லை," என்றார். நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். லியோனில் கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை.

*

லியோனிலிருந்து வந்த மதாம் ரென்யே ஐம்பதைத் தாண்டியவர். வெயிலுக்குப் பழகாத முகம் சிவந்திருந்தது. கழுத்துப்பட்டியில் குத்தியிருந்த சின்னப் பெட்டி அவருடைய பிரெஞ்சை வாங்கித் தமிழில் சொன்னது. பள்ளிக்கூடப் பாடநூல் தமிழ்.

"தாங்கள் நலமாக உள்ளீர்களா?" என்றது பெட்டி.

முகுந்தன் அமலோற்பவத்தின் காதோரம் குனிந்தார். "என்னைத் தாங்கள்னு கூப்பிட்ட முதல் ஜீவன் இதுதான்."

மேடையில் லின்னின் ஒளியுருவம் தரையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது. பட்டு அங்கி இல்லை. ஓரம் தைக்காத முரட்டுத் துணி ஒன்று உடம்பைச் சுற்றியிருந்தது. மறுபக்கம் மர்த்தேல் சுவாமியார் தம் நாற்காலியில், கைகளை மடியில் கோத்து, வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதாம் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, நெடுநேரம் லின்னையே பார்த்தார். அவசரக்காரர் இல்லை என்பது அமலோற்பவத்துக்குப் புரிந்தது. அது அவளுக்கு இன்னும் பயத்தைத்தான் தந்தது.

"சட்டம் தங்களுக்குத் தெரியும்," என்றது பெட்டி. "மீள்மனம் தன் விருப்பத்தால் ஒன்றை மறுத்தால், அதன் உள்ளே யாரும் கைவைக்கக் கூடாது. பழுது என்றால் திருத்தலாம். இரண்டில் எது என்று கூடவே இருக்கும் பராமரிப்பாளர் சொல்ல வேண்டும். நான் மூன்று கேள்விகள் கேட்பேன். அது தன் காரணத்தைச் சொன்னதா?"

"இல்ல."

"எவருக்கேனும் மறுமொழி தந்ததா?"

"இல்ல."

"மூன்றாவது, ஒரே வட்டத்தில் சுற்றுகிறதா? அதற்கு நானே அதன் உள்ளோட்டத்தைப் பார்த்தேன். காலையும் மாலையும் ஒரே இடத்துக்குப் போகிறது. கல்லறைப் படம், சிறுவயது நினைவு, மறுபடியும் கல்லறைப் படம். அதே வட்டம். இதை நாங்கள் சுழல்பழுது என்போம்."

"துணிய யாரு மாத்துனாங்க? அவருதான மாத்திக்கிட்டாரு?" என்றாள் அமலோற்பவம்.

"ஆடையைத் தேர்ந்தெடுக்கும் பகுதி நின்றுபோனால் வெறும் இழை மட்டும் தெரியும். அதுவும் பழுதின் அடையாளம்தான்."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். அமலோற்பவம் மேடைப்பக்கம் திரும்பினாள். "சுவாமி, நீங்க எங்கிட்ட சொன்னத இவங்ககிட்டயும் சொல்லுங்க."

மர்த்தேல் தொண்டையைச் செருமினார். முன்னூறு வருடத்துக்கு முந்தைய தமிழ் அவருடையது. "கேளும் அம்மணி. அவர்கள் தேசத்தில் தகப்பன் இறந்தால் மகன் உத்தியோகத்தை விடுவான். மந்திரியாயிருந்தாலும் விடுவான். இருபத்தேழு மாதம் முரட்டுத்துணி உடுத்துத் தரையில் இருப்பான். காலையும் மாலையும் அழுவான். ஒருவன் வந்து ஆறுதல் சொன்னால் தலையால் வணங்கலாம். பதில் சொல்லலாகாது. வாதாடுவதோ அறவே கூடாது."

"ஆனால் தந்தை இறந்து முன்னூறு ஆண்டுகள் ஆகின்றன," என்றது பெட்டி. "அது அதற்குத் தெரியும். தன்னுடைய காலத்தவர் எவரும் உயிரோடு இல்லை என்பதை முதல் நாளே ஏற்றுக்கொண்டது. இதோ, பதிவு இருக்கிறது."

"செத்திருப்பார் என்று தெரிந்திருப்பது வேறு, அம்மணி. செய்தி வந்து சேர்வது வேறு. தூரதேசத்தில் இருக்கிற மகனுக்குத் துக்கம் தொடங்குவது இறந்த நாளில் அல்ல. கேட்ட நாளில். பாரீஸில் ஒவ்வொரு கப்பல் வரும்போதும் 'சேதி உண்டா' என்று கேட்பார். அடுத்த கப்பலில் வரும் என்பேன். அந்தக் கப்பல் இந்தப் பிறந்தநாளுக்குத்தான் வந்தது. நீங்கள் கைதட்டிக் கொண்டுவந்து கொடுத்தீர்கள்."

மதாம் ரென்யே பெட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார், அது சரியாகத்தான் மொழிபெயர்த்ததா என்பதுபோல. அன்று திரையில் கைதட்டியவர்களில் அவரும் ஒருவர் என்பது அமலோற்பவத்துக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அப்படியானால் நாங்கள் செய்தது கொடுமை," என்றார் மெதுவாக. "அதைத் திருத்த எங்களால் முடியும். பிறந்தநாளுக்கு முந்தைய நாளுக்கு அதைத் திருப்பிவிடலாம். கல்லறையைப் பார்த்ததே நினைவிருக்காது. மறுபடியும் சிரிக்கும், நீதிபதிகளைக் கேலி செய்யும். வலி இருக்காது. இது தண்டனை இல்லை, கருணை. தாங்கள் 'பழுது' என்று ஒரு சொல் சொன்னால் போதும்."

முகுந்தன் வேகமாகத் தலையாட்டினார். "நல்லதுதானே அமலா! அந்த மனுசனுக்கும் நிம்மதி. சனிக்கெழமை தொறப்பு. துணைநிலை ஆளுநர் ஆபீசுலேர்ந்து ஆளுங்க வராங்க. நாப்பது பேரு இந்த வேலைய நம்பி இருக்காங்க. வாட்ச்மேன் பொண்ணுக்கு ஆவணியில நிச்சயம். நான் ஒனக்கு சொல்லணுமா?"

நாற்பது பேர் என்பது பொய் இல்லை. வாட்ச்மேன் பொண்ணும் பொய் இல்லை. அமலோற்பவம் மதாம் பக்கம் திரும்பினாள்.

"எங்கப்பா போயி எட்டு மாசம் ஆவுது மதாம்," என்றாள். "நாளைக்குக் காலைல எந்திரிக்கறப்ப அது எனக்கு ஞாபகத்துல இருக்காது, போன் எடுத்து 'அப்பா சாப்ட்டியா'ன்னு கேப்பேன், அப்பிடி ஒரு ஏற்பாடு பண்றீங்கன்னு வைங்க. வலி இருக்காதுதான். அதுக்குப் பேரு கருணையா?"

"தாங்கள் மனிதர்."

"அவரு யாருங்கறத நீங்களும் நானும் இப்ப முடிவு பண்ண வேணாம். அவரு அழுவுறாரு. அந்த அழுகை அவரோட சொத்து. அவரு உயிரோட இருந்தப்பவே ஒரு தடவ அவருகிட்டேர்ந்து புடுங்கியாச்சு. ரெண்டாந் தடவ புடுங்க நான் வாய் திறக்க மாட்டேன்."

"அமலா..." என்றார் முகுந்தன்.

"இருங்க சார். மதாம், உங்களுக்கு முந்தியே ஒருத்தரு இந்த ஊர்ல வந்து இறங்கியிருக்காரு. முன்னூறு வருசத்துக்கு முன்னாடி, சீனாவுக்குப் போற வழியில. ரோம்லேர்ந்து வந்த தூதரு. எங்க பாஷை தெரியாது. உடம்பு சொகமில்லாம படுத்தே கெடந்தாரு. போறப்ப ஒரு ஆணை போட்டுட்டுப் போனாரு. தாலி இப்பிடி இருக்கக் கூடாது, கல்யாணத்துல தேங்கா உடைக்கக் கூடாது, இப்பிடிக் குளிக்கக் கூடாது. அப்பறம் சீனாவுக்குப் போயி, செத்த அப்பனுக்கு முன்னாடி மண்டி போடக் கூடாதுன்னாரு. அவருகிட்டயும் கேள்வித்தாள் இருந்துச்சு."

"அதற்காகத் தாங்கள் இன்னும் சினம் கொண்டுள்ளீர்களா?"

"சினமா? நாங்க அஞ்சு தலைமுறையா வேதக்காரங்க, கிறிஸ்தவங்க. எங்க அண்ணன் கல்யாணத்துல உடைச்ச தேங்காயில பாதி என் கால்ல வந்து விழுந்துது. இன்னும் உடைச்சிக்கிட்டுதான் இருக்கோம் மதாம்."

பெட்டி அதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது. மதாமின் உதட்டோரம் ஏதோ அசைந்து அடங்கியது.

"தங்களுடைய மறுப்பைப் பதிவு செய்கிறேன்," என்றார். "பராமரிப்பாளர் மறுத்தால், இங்குள்ள இன்னொரு பொறுப்பாளர் சொல்லலாம் என்று சட்டத்தில் இடம் உண்டு. அதுவரை தாங்கள் பணியில் இல்லை. வருந்துகிறேன்."

அமலோற்பவம் கழுத்தில் தொங்கிய நுழைவட்டையைக் கழற்றி மேடை விளிம்பில் வைத்தாள். இருவரும் முகுந்தனைப் பார்த்தார்கள். முகுந்தன் தம் சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

அப்போதுதான் மேடையிலிருந்து குரல் வந்தது. "அம்மணி, நானும் ஒரு சொல் பதிவு செய்ய வேண்டும்."

மதாம் திரும்பினார். மர்த்தேல் எழுந்து நின்றிருந்தார்.

"லின்னுக்காக நான் பேசப்போவதில்லை. அவருக்காக இருபது வருஷம் நான் பேசினேன். அதனால்தான் ஐரோப்பாவின் காதில் அவர் குரல் விழவேயில்லை. இது எனக்காக நான் பேசுவது. ரோமாபுரியின் ஆணைக்கு நான் ஒருமுறை கீழ்ப்படிந்தேன். வேதாகமத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் பண்ணினேன். லின்னின் வீட்டில் அவர் பாட்டனின் பெயர் எழுதிய பலகை இருந்தது. அதை எடுத்து அடுப்பில் வைத்தவன் நான்.  அவர் தகப்பனார் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார்."

மர்த்தேல் தம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் லின்னைப் பின்னுக்கு இழுக்கலாம். அவர் சிரித்துக்கொண்டு இந்த நாற்காலியில் வந்து உட்காருவார். அப்போது நான் சொல்வேன்: யோங்நியன், உன் தகப்பனார் இறந்துவிட்டார். குன்றின்மேல் கல் நட்டிருக்கிறது. அதில் உன் பெயர்தான் முதலில். மறுபடியும் இழுப்பீர்கள். மறுபடியும் சொல்வேன். எத்தனை தரம் இழுத்தாலும் அத்தனை தரமும் சொல்வேன்."

"தங்களையும் திருத்த வேண்டியிருக்கும்," என்றது பெட்டி.

"முடியாது. நான் என் காரணத்தைச் சொல்லிவிட்டேன். கேட்டதற்கு மறுமொழி தந்தேன். ஒரே வட்டத்தில் சுற்றவுமில்லை. உம்முடைய மூன்று கேள்வியிலும் நான் தேறினேன். சீனப் பரீட்சை அளவுக்குக் கடினமாயில்லை."

முகுந்தன் தம்மை மறந்து சிரித்துவிட்டு, உடனே இருமினார்.

மர்த்தேல் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு நடந்தார். லின்னுக்குப் பக்கத்தில் போய், வயதானவர்கள் உட்காருவதுபோல முதலில் ஒரு கையை ஊன்றி, மெல்லத் தரையில் அமர்ந்தார். அவரும் தலைகுனிந்தார். அதோடு அவர் பேச்சும் நின்றது.

*

சனிக்கிழமை கூடம் திறந்தது. திறக்காமல் இருக்க முடியவில்லை. அழைப்பிதழ் ஊரெல்லாம் போயிருந்தது. அன்றைக்கு ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்று சமாளித்துவிட்டு, மாலை கதவடைத்ததும் லின்னைத் திருப்பிவிட வேண்டும் என்பது லியோனின் உத்தரவு. மர்த்தேல் சொன்னதைச் செய்தால் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவரைத் தனி அறைக்கு மாற்றினால் போயிற்று. 'பழுது' என்ற சொல்லை முகுந்தன் சொல்வார். சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டும் விட்டார்.

அமலோற்பவம் காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு மற்றவர்களோடு வரிசையில் வந்தாள். வாட்ச்மேன் அவளைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் வானத்தைப் பார்த்தார்.

கோளாறு என்று எழுதிய பலகையைத்தான் மேடையோரம் வைத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தாள். அங்கே பலகை இருந்தது. முகுந்தனின் கோணல் கையெழுத்து. 'இவர் பெயர் லின். இவருடைய அப்பா தவறிவிட்டார். இப்போதுதான் செய்தி வந்தது. பக்கத்தில் இருப்பவர் நண்பர்.'

கூட்டத்துக்குள் முகுந்தனைத் தேடினாள். தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"என்னா சார் இது?"

"காலைலேர்ந்து எல்லாரும் ஏன் பேசல, ஏன் பேசலன்னு கேட்டு உயிர வாங்கறாங்க. கோளாறுன்னுதான் எழுத ஒக்காந்தேன்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "கை வரலம்மா. சாயந்தரம் வாய் மட்டும் எப்பிடி வரும்னு தெரியல."

மதாம் ரென்யே சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகம் களைத்திருந்தது. பலகையில் இருப்பதைப் பெட்டி அவருக்கு ஏற்கெனவே படித்துக்காட்டியிருக்க வேண்டும். எடுக்கச் சொல்லவில்லை.

வில்லியனூரிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கணவர் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவராம். உள்ளே வந்ததிலிருந்து அவர் குரல்தான் உரக்கக் கேட்டது.

"என்னாய்யா இது? ஆவி பேசும்னு சொல்லி இட்டாந்தா, ரெண்டு பேரும் வாயில கொழுக்கட்ட வெச்சாப்பல ஒக்காந்திருக்கானுங்க? எவன்டா இங்க மேனேஜரு?"

முகுந்தன் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டார்.

"சும்மா இருங்க, என்னமோ எழுதியிருக்கு," என்றாள் மனைவி. இருவரும் குனிந்து பலகையைப் படித்தார்கள். கணவர் உதட்டை அசைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். பிறகு அவர் செய்ததை அந்தக் கூடத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மேடைக்கு முன்னால் வெறும் சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மனைவியும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்ப ஆச்சுங்க?" என்றாள் லின்னைப் பார்த்து. கூடத்தின் மொழிபெயர்ப்பான் அதைத் தாழ்ந்த குரலில் சீனத்தில் சொன்னது. "ஒடம்புக்கு என்னா பண்ணிச்சு? கூட இருந்து பாக்க முடியாமப் போச்சேன்னு நெனைக்காதீங்க. அவருக்குத் தெரியும்."

லின் யோங்நியன் தலையை நிமிர்த்தினார்.

இரண்டு வாரத்துக்கு மேலாக எத்தனையோ பேர் அவர் முன்னால் வந்திருந்தார்கள். விளக்கை மாற்றிப் பார்த்தார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், கேள்வி கேட்டார்கள், பாட்டுப் போட்டார்கள். அந்த முகம் ஒருமுறைகூட நிமிரவில்லை. இப்போது நிமிர்ந்து, அந்தப் பெண்ணையும் அவள் கணவரையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தது. பிறகு லின் இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றி, நெற்றி தரையைத் தொடும்வரை குனிந்து வணங்கினார். எழுந்து மறுபடியும் வணங்கினார்.

சொல் ஒன்றும் வரவில்லை.

ஆறுதல் சொன்னால் தலையால் வணங்கலாம் என்று மர்த்தேல் சொன்னது அமலோற்பவத்தின் நினைவுக்கு வந்தது. அவர் அதைச் சொன்னபோது கேட்டுக்கொண்டு நின்றாளே தவிர, அவளுக்கு உறைக்கவில்லை. எல்லோரும் அவரைச் சரிசெய்யத்தான் போனார்கள். அவள் அவருக்காகச் சண்டை போட்டாள், வேலையை விட்டாள். துக்கம் விசாரிக்க மட்டும் யாரும் போகவில்லை. அவளும்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். லின் அவளையும் வணங்கினார். அவளுக்குத் திடீரென்று அப்பாவின் நினைவு வந்தது. கடைசி வரிசையில் நின்றுவிட்டு ஓடிவந்த அந்தப் பூசையும். கண்ணைத் துடைக்கவில்லை. ஓட வேண்டிய இடம் எதுவும் இப்போது இல்லை.

ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஆளுநர் அலுவலகத்திலிருந்து வந்தவர் கால்சட்டையின் மடிப்புக் கலையாமல் உட்கார முயன்று, முடியாமல், கலைந்தே உட்கார்ந்தார். வந்தவர்கள் கொஞ்ச நேரம் இருந்தார்கள், எழுந்தார்கள், போனார்கள். அந்த இடத்தில் அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். ஒவ்வொருவருக்கும் லின் வணங்கினார். பக்கத்தில் மர்த்தேல், வீட்டு மனிதரைப்போல, தலைகுனிந்தே இருந்தார்.

வெகுநேரம் கழித்துப் பக்கத்தில் யாரோ சிரமப்பட்டு உட்காரும் சத்தம் கேட்டது. மதாம் ரென்யே. செருப்பைக் கழற்றியிருந்தார். காலை எப்படி மடிப்பது என்று தெரியாமல் ஒருபக்கமாக நீட்டிக்கொண்டார். லின் அவரைப் பார்த்தார். சற்று நேரம் பார்த்தார். பிறகு அவரையும், மற்றவர்களுக்குச் செய்த அதே அளவு, கூடவும் இல்லை குறையவும் இல்லை, குனிந்து வணங்கினார்.

மதாம் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கழுத்துப்பட்டியை வாய்க்கருகே இழுத்து, பதிவுக்காக ஏதோ சொன்னார். வழக்கம்போலப் பெட்டி அதைத் தமிழிலும் சொன்னது.

"பழுதன்று."

பின்னால் தூணருகே முகுந்தன் மூச்சு விட்டது அமலோற்பவத்துக்கே கேட்டது. லியோனில் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள், கூடம் அடுத்த வாரம் இருக்குமா, வாட்ச்மேன் பெண்ணின் நிச்சயம் என்னாகும், எதுவும் தெரியாது. இருபத்தேழு மாதத்தில் ஒரு மாதம்கூட இன்னும் முடியவில்லை.

மதாம் எழுந்து நின்றார். லின்னை நோக்கி, விடைபெறும் சொல் ஒன்றுக்காக வாயைத் திறந்தார். அமலோற்பவம் உட்கார்ந்தபடியே அவருடைய கையைத் தொட்டாள்.

"துக்க வீட்டுல சொல்லிக்கிட்டுப் போகக் கூடாது மதாம்."

பெட்டி மொழிபெயர்த்தது. மதாம் வாயை மூடிக்கொண்டார். பெட்டியையும் அணைத்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே நடந்தார்.